கல்லுக்கு அடியில் மண்: யார்க் நகரத்து நார்மன் கோட்டையின் கதை

இங்கிலாந்தின் வடக்கே, யார்க் நகரத்தின் நடுவில், புல் மூடிய செங்குத்தான மண்மேடு ஒன்றின்மேல் கூரையில்லாத ஒரு கல்கோபுரம் நிற்கிறது. கிளிஃபோர்ட் கோபுரம் என்று பெயர். மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ்கள் கொண்ட பூவைப்போல் இருக்கும். வருகிறவர்கள் கல்லைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கல் வந்தது 1245-க்குப் பிறகு. அதைத் தாங்கும் மேட்டின் தொடக்கமோ, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இந்த நகரத்துக்குள் நுழைந்த 1068, 1069-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. கோபுரத்தின் தென்கிழக்கு இதழில் மேலிருந்து கீழ்வரை ஓடும் பழைய வெடிப்பு ஒன்று உண்டு. பீரங்கியோ பூகம்பமோ உண்டாக்கியது அல்ல அது. அடியில் இருந்த மண் இறங்கியதால் வந்தது. இந்தக் கோட்டைக்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதியை அந்த மண்ணையும் அதற்குள் புகுந்த நீரையும் வைத்தே விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மண்டியின் வில்லியம், அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்தின் அரசராக முடிசூடிக்கொண்டார். முடி கிடைத்துவிட்டது, நாடு கிடைக்கவில்லை. அவரோடு கடல் கடந்து வந்தவர்கள் சில ஆயிரம் பேர். எதிரில் இருந்தவர்கள் ஏறக்குறைய இருபது இலட்சம் மக்கள். அவர்களுடைய மொழி வேறு, சட்டம் வேறு. கைக்குள் இருக்கும் குதிரைவீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து நாடெங்கும் நிறுத்த வேண்டும். இரவில் அவர்கள் உயிரோடு தூங்கி எழவும் வேண்டும். கல்கோட்டை கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். தேர்ந்த கல்தச்சர்கள் வேண்டும், சுண்ணாம்புச் சூளை வேண்டும், கல் ஏற்றி வர வண்டிகள் வேண்டும். வில்லியமின் கையில் இருந்ததெல்லாம் மண்வெட்டியும் கோடரியும், வலுக்கட்டாயமாகப் பிடித்துவரக்கூடிய உள்ளூர் உழவர்களும்தான். இவற்றை மட்டும் வைத்துச் சில வாரங்களில் எழுப்பக்கூடிய ஒரு வடிவம் நார்மன்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அதற்கு இரண்டு பாகங்கள். ஒன்று, வட்டமாக அகழி தோண்டி, தோண்டிய மண்ணை நடுவில் குவித்து, உச்சியைத் தட்டையாக்கிய மேடு. இதை மோட் என்பார்கள். உச்சியின் விளிம்பைச் சுற்றி மரக்கம்ப வேலி, நடுவில் ஒரு மரக்கோபுரம். மற்றொன்று, மேட்டின் காலடியில் தனி அகழியும் மண்கரையும் மரவேலியும் சூழ்ந்த முற்றம். இதன் பெயர் பெய்லி. குதிரைலாயம், சமையற்கட்டு, கொல்லன் பட்டறை, தானியக் கிடங்கு, வழிபாட்டுக்கூடம், வீரர்கள் படுக்கும் கூடம் எல்லாம் பெய்லியில் இருந்தன. அன்றாட வாழ்க்கை அங்கேதான் நடந்தது. மேடு கடைசிப் புகலிடம். பெய்லி பறிபோனால் மரப்பாலத்தைக் கடந்து மேலே ஏறி, பாலத்தைத் துண்டித்துவிட்டு, உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

இந்த அமைப்பின் முதல் கெட்டிக்காரத்தனம் அகழியில் இருக்கிறது. ஒரு கூடை மண்ணைத் தோண்டி நடுவில் கொட்டும்போது எதிரி இறங்க வேண்டிய பள்ளம் ஆழமாகிறது, அவன் ஏற வேண்டிய மேடும் உயர்கிறது. ஒரே உழைப்புக்கு இரண்டு பலன். மண்ணைத் தூரத்திலிருந்து சுமந்துவரவும் தேவையில்லை.

எவ்வளவு மண் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டின் தட்டையான உச்சி 12 மீட்டர் குறுக்களவு என்றும், பக்கச்சரிவு சுமார் 35 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். மேடு 5 மீட்டர் உயரம் என்றால் சுமார் 1,500 கன மீட்டர் மண் வேண்டும். அதுவே 10 மீட்டர் என்றால் சுமார் 6,000 கன மீட்டர். உயரம் இருமடங்கு, மண்ணோ நான்கு மடங்கு. காரணம், மேடு உயர உயர அதன் அடிவட்டமும் எல்லாப் பக்கமும் அகன்றுகொண்டே போகிறது. ஓர் ஆள் நாளொன்றுக்கு ஒன்றரைக் கன மீட்டர் மண்ணைத் தோண்டி, மேலே ஏற்றி, மிதித்து இறுக்குவதாகக் கொண்டால், ஐம்பது பேர் சின்ன மேட்டை 20 நாளில் முடிப்பார்கள். பெரியதற்கு 80 நாள் ஆகும். பிரிட்டனில் அளவு தெரிந்த நார்மன் மேடுகளில் ஏறக்குறைய 69 விழுக்காடு 5 மீட்டருக்கும் குறைவான உயரம் உடையவை. 10 மீட்டரைத் தாண்டியவை வெறும் 7 விழுக்காடு. சிறு பிரபுவிடம் ஐம்பது ஆட்களும் ஒரு மாத அவகாசமும்தான் இருக்கும். பெருமேடு எழுப்ப அரசனோ, அரசனுக்கு நெருங்கியவனோ வேண்டும். யார்க்கில் வந்தவர் அரசரேதான்.

தோண்டியவர்களின் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வேலை எப்படி வாங்கப்பட்டது என்பதை ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு மறக்கவில்லை. 1087-இல் வில்லியம் இறந்ததைப் பதிவு செய்யும் இடத்தில், அவர் கோட்டைகளைக் கட்டுவித்தார், எளிய மக்களைப் பெரிதும் வருத்தினார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பாயூ திரைச்சீலை என்று அழைக்கப்படும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பூத்தையல் துணியிலும் ஹேஸ்டிங்ஸில் மேடு எழுப்பும் காட்சி ஒன்று இருக்கிறது. மண்வெட்டிகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். மேட்டுக்குள் கிடைக்கோடுகளாக நிறம்நிறமாய்ப் பட்டைகள் தைக்கப்பட்டிருக்கின்றன. அது வெறும் அலங்காரமா, அடுக்கடுக்காக மண் போட்டதைக் காட்டும் படமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அகழாய்வு செய்த பல மேடுகள் உண்மையிலேயே அடுக்கடுக்காகத்தான் இருந்தன என்பதால், நான் இரண்டாவதை நம்பும் பக்கம்.

அடுக்கு ஏன் முக்கியம்? அறுவடைக் களத்தில் நெல்லைக் கொட்டினால் குவியல் ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு மேல் ஏறாது. மேலே போடப்போட நெல்மணிகள் பக்கவாட்டில் வழிந்துவிடும். காய்ந்த மணலும் சரளையும் அப்படித்தான். 30 முதல் 35 பாகைக்கு மேல் அவற்றால் நிற்க முடியாது. களிமண்ணின் குணம் வேறு. அதன் துகள்கள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே புதிதாக வெட்டிய களிமண் செங்குத்தாகக்கூடச் சில காலம் நிற்கும். எதிரி ஏற முடியாத சரிவு வேண்டுமென்றால் களிமண் நல்லது. ஆனால் அதற்குள் சிக்கிய நீர் எளிதில் வெளியேறாது. மேலே பாரம் ஏறும்போது முதலில் அந்தப் பாரத்தைத் தாங்குவது துகள்கள் அல்ல, இடையில் அடைபட்டிருக்கும் நீர். நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிய பின்தான் துகள்கள் நெருங்கி, மண் இறுகி, வலுப்பெறுகிறது. அதுவரை மேடு உள்ளுக்குள் இளக்கமாகவே இருக்கும்.

இந்த இறுகலுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் கார்ல் டெர்ஸாகி. 1925-இல் வெளியான அவருடைய ஆய்வோடுதான் மண் இயக்கவியல் என்ற துறை தனியாக நிமிர்ந்தது. அவர் காட்டிய ஒரு விதி இங்கே மிகவும் பொருந்தும். நீர் வெளியேற எடுக்கும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் பாதியானால் நேரம் கால்வாசி. ஆறு மீட்டர் தடிமனுள்ள களிமண் குவியலின் நடுவில் இரண்டு சரளை அடுக்குகளை வைத்து மூன்று துண்டாக்கினால், நீர் அருகிலிருக்கும் சரளையை எட்டி ஓடிவிடும். மேடு பல மடங்கு விரைவில் இறுகும். இன்றைய நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் சாலைக்கரைகளின் அடியில் மணல் வடிகால் அடுக்கு வைப்பது இதே காரணத்துக்காகத்தான். களிமண், சரளை, கல், புல்கட்டி என மாற்றிமாற்றிப் போட்டு மிதித்த பதினோராம் நூற்றாண்டு ஆட்களுக்கு விதி தெரியாது. மண் நடந்துகொள்ளும் விதம் தெரிந்திருந்தது.

மேட்டின் மேல் மரக்கோபுரத்தை எப்படி நிறுத்தினார்கள் என்பதற்கு ஒரே பதில் இல்லை. சர்ரேயில் உள்ள அபிஞ்சர் மேட்டை 1949-இல் அகழ்ந்தபோது, உச்சியில் ஒரு சிறிய கோபுரத்தின் கம்பக்குழிகளும் அதைச் சுற்றிய வேலியின் குழிகளும் தெரிந்தன. அங்கே மேடு முதலில், கோபுரம் பிறகு. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் சவுத் மிம்ஸில் முறை நேர்மாறு. கோபுரத்தின் அடிப்பகுதியை இயற்கைத் தரையிலேயே நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி மண்ணைக் குவித்திருக்கிறார்கள். புதுமண்ணை நம்ப வேண்டிய அவசியமே அங்கு இல்லை. பாரம் நேராகக் கெட்டித்தரைக்கு இறங்கிவிடும். பொறியியல் கண்ணோடு பார்த்தால் இரண்டாவது முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

யார்க்குக்கு வருவோம். 1068-இல் வடக்கத்திய பிரபுக்கள் முரண்டுபிடித்தபோது வில்லியம் படையோடு வந்து இங்கே முதல் கோட்டையை எழுப்பினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நகரம் கிளர்ந்தெழுந்தது. அவர் மறுபடியும் விரைந்து வந்து கிளர்ச்சியை அடக்கி, ஊஸ் ஆற்றின் மறுகரையிலும் ஒரு கோட்டை எழுப்ப ஏற்பாடு செய்தார். ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற வரலாற்றாசிரியத் துறவி, அரசர் நகரத்தில் எட்டு நாள் தங்கி இரண்டாவது கோட்டையைக் கட்டினார் என்று எழுதுகிறார். எட்டே நாளில் முழுக்கோட்டையும் முடிந்தது என்று இதை வாசிக்கிறவர்கள் உண்டு. அரசர் தங்கிய நாட்கள் அவை; வேலை தொடங்கி வேலியடைப்பு நிற்கும் நிலைவரை வந்திருக்கலாம் என்று கொள்வதே நியாயமாகப் படுகிறது. ஒரே நகரத்துக்கு இரண்டு மேடுகள், ஆற்றின் இரு கரைகளிலும். மறுகரை மேடு இன்று பெய்ல் ஹில் என்ற பெயரில் மரங்கள் அடர்ந்து கிடக்கிறது.

நகரத்துக்குள் கோட்டை கட்டுவதென்றால் முதலில் வீடுகளை இடிக்க வேண்டும். 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கேடு இந்த இழப்பை வரவு-செலவுக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. லிங்கனில் கோட்டைக்காக அழிந்த வீடுகள் 166. கேம்பிரிட்ஜில் 27. யார்க் நகரம் பேராயரின் பகுதியையும் சேர்த்து ஏழு வட்டாரங்களாக இருந்தது. அவற்றில் ஒன்று கோட்டைகளுக்காகப் பாழாக்கப்பட்டது என்று பதிவு. ஓர் ஊரின் ஏழில் ஒரு பங்கு! அதோடு முடியவில்லை. கோட்டை ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் மூக்கில் இருந்தது. ஃபாஸ் ஆற்றின் குறுக்கே அணை போட்டு, கோட்டை அகழிக்குள் நீர் பாய்ச்சினார்கள். அணைக்குப் பின்னால் தேங்கிய பெரிய ஏரிக்கு அரசரின் குளம் என்று பெயர் வந்தது. இரண்டு ஆலைகளும் விளைநிலமும் தோட்டங்களும் நீருக்குள் போயின. இருபுறம் ஆறு, ஒருபுறம் ஏரி, சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. தாக்க வருபவனுக்கு இது கொடிய இடம். ஆனால் மேட்டின் அடிமண் அன்றுமுதல் நீரில் ஊறத் தொடங்கியது. அதன் விலை இரண்டரை நூற்றாண்டு கழித்துத் தெரியும்.

கோட்டைகளின் முதல் சோதனை 1069 செப்டம்பரில் வந்தது. அதில் அவை தோற்றன. டேனிஷ் கப்பற்படை ஹம்பர் முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. இங்கிலாந்தின் வடபகுதியான நார்தம்பிரியாவின் மக்கள் படையும் சேர்ந்துகொண்டது. கோட்டைக்குள் இருந்த நார்மன்களுக்கு ஓர் அச்சம். அருகிலிருக்கும் வீடுகளின் மரங்களைப் பிரித்தெடுத்து எதிரிகள் அகழியைத் தூர்த்துவிட்டால்? மண்கோட்டையின் உயிர்நாடி அகழிதான் என்பது உள்ளே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி அவர்களே அந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். தீ கட்டுக்குள் நிற்கவில்லை. நகரத்தையும் பேராலயத்தையும் விழுங்கியது. இரண்டு நாளில் படைகள் வந்து சேர்ந்தன, கோட்டைகள் வீழ்ந்தன. பொறுப்பிலிருந்த வில்லியம் மாலெட் மனைவி மக்களோடு சிறைபிடிக்கப்பட்டார்.

அரசர் திரும்பி வந்தார். கரிந்த யார்க்கில், வின்செஸ்டரிலிருந்து தன் மணிமுடியை வரவழைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். அந்தக் குளிர்காலத்தில் வடக்கு இங்கிலாந்தின் ஊர்களையும் தானியத்தையும் கால்நடைகளையும் அவருடைய படை திட்டமிட்டு அழித்தது; பஞ்சத்தில் மக்கள் கூட்டம்கூட்டமாக மடிந்தார்கள். நார்மன் ஆட்சியின் மிகக் கறுத்த பக்கம் இது. கோட்டைகள் இரண்டும் மீண்டும் எழுந்தன. மரம்தானே எரிந்தது? மண் அப்படியே இருந்தது. எரிந்ததை இடித்துத் தள்ளி, புதுக்கம்பம் நட்டால் முடிந்தது.

மரக்கோட்டை என்றால் அவசரத்துக்குப் போட்ட தற்காலிகக் கொட்டகை என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை உடைத்தது வேல்ஸ் எல்லையில் உள்ள ஹென் டோமென். ஷ்ரூஸ்பரி பிரபு ரோஜர் டி மொன்ட்கோமரி 1070-களில் செவர்ன் ஆற்றுத்துறை ஒன்றைக் காக்க எழுப்பிய கோட்டை அது. ஃபிலிப் பார்க்கரும் ராபர்ட் ஹையமும் 1960 முதல் 1992 வரை கோடைதோறும் அங்கே அகழாய்ந்தார்கள். மண்ணில் மரத்தின் சுவடு கரும்புள்ளியாகவும் நிறமாற்றமாகவும்தான் மிஞ்சும். அவற்றைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் படித்தார்கள். பெய்லிக்குள் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றதும், பழையது பழுதானபோதெல்லாம் அதே இடத்தில் புதியது எழுந்ததும் தெரியவந்தது. மண்கரைக்கு அடியில், கோட்டைக்கு முந்தைய காலத்து உழுத வயலின் சால்கள்கூட அப்படியே இருந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டு புழக்கத்தில் இருந்தும் ஹென் டோமென் கடைசிவரை மரக்கோட்டையாகவே வாழ்ந்தது.

மரக்கம்பம் பழுதாகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: தரைமட்டம். மரத்தை உண்ணும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரைக்கு மேலே மரம் காய்ந்துவிடும். ஆழத்தில், நீர் ஊறிய மண்ணில், காற்று எட்டாது. இரண்டும் கலக்கும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான் கம்பம் உளுத்துப்போகும். ஓக் மரத்தின் வைரம்பாய்ந்த நடுக்கட்டையே ஆனாலும் சில பத்தாண்டுகளில் மாற்றித்தான் ஆக வேண்டும். கம்பத்தைக் குழியில் நடாமல், தரையில் கிடத்திய அடிச்சட்டத்தின் மேல் நிறுத்தும் முறை இதற்கு ஓரளவு மாற்றாக இருந்தது.

யார்க் மேட்டின் மரக்கோபுரத்துக்கு நேர்ந்தது மிகக் கொடியது. முதலாம் ரிச்சர்ட் மன்னரின் ஆட்சியில், சிலுவைப்போர் வெறியும் யூதர்களிடம் பட்ட கடனைத் தீர்க்க மனமில்லாத பிரபுக்களின் பேராசையும் ஒன்றாகக் கலந்து எரிந்த ஆண்டு 1190. மார்ச் மாதம் யார்க்கின் யூதக் குடும்பங்கள் கும்பலுக்கு அஞ்சி அரசரின் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தன. அவர்களைக் காப்பது அரசரின் கடமை. காவல் அதிகாரி வெளியே போன நேரத்தில், அவர் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் அவர்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். அதன்பின் முற்றுகை. மார்ச் 16-ஆம் தேதி, தப்ப வழியில்லை என்று தெரிந்ததும், ஷுவான்யியைச் சேர்ந்த யூத மதகுரு ரபி யோம் தோவின் சொற்படி பலர் தங்கள் குடும்பத்தாரையும் தங்களையும் மாய்த்துக்கொண்டார்கள். கோபுரம் தீப்பிடித்தது. உயிர்ப்பிச்சை கேட்டு வெளியே வந்தவர்கள் வாக்குறுதியை நம்பி வந்தும் வெட்டப்பட்டார்கள். இறந்தவர்கள் சுமார் 150 பேர். கும்பலின் தலைவர்கள் அங்கிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போய், அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எரித்தார்கள். மேட்டின் அடியில் 1978-இல் இவர்களுக்காக ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது. கல்கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லின் முன்னும் நின்று போக வேண்டும்.

கோபுரம் மறுபடியும் மரத்திலேயே கட்டப்பட்டது. 1902-03-இல் மேட்டைத் தோண்டியபோது எரிந்த மரத்தின் எச்சங்கள் உச்சிக்கு வெகு கீழே, மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. எரிந்ததற்குப் பிறகு மேலே மண் போட்டு மேடு உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆக, இன்று நாம் பார்க்கும் மேடு ஒரே மூச்சில் குவித்ததல்ல. பழைய, இறுகிய மண்ணின் மேல் புதிய, இளகிய மண். இந்த விவரம் பின்னால் வரும் வெடிப்புக்கு மிக முக்கியம்.

1228-இல் ஒரு புயல் அந்தப் புதிய மரக்கோபுரத்தைச் சாய்த்தது. தனித்து நிற்கும் மேட்டின்மீது வீசும் காற்று, சரிவில் ஏறி உச்சியைக் கடக்கும்போது நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலே அழுத்தம் முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். காவலுக்கு வேண்டிய உயரம் புயல் வரும்போது பகையாக மாறுகிறது.

மூன்றாம் ஹென்றி மன்னர் ஸ்காட்லாந்தோடு போர் மூளுமோ என்று கவலைப்பட்ட 1244-வாக்கில், இனி கல்லிலேயே கட்டுவது என்று முடிவானது. அடுத்த ஆண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் தலைமைக் கல்தச்சரான ஹென்றி டி ரெய்ன்ஸ் யார்க்குக்கு அனுப்பப்பட்டார். நான்கு அரைவட்டங்களைப் பூவிதழ்போல் சேர்த்த வடிவம் எழுந்தது. இங்கிலாந்தில் வேறெங்கும் காண முடியாத அமைப்பு, பிரான்சின் எத்தாம்ப் கோட்டையோடு உறவுடையது. கோட்டை முழுவதையும் கல்லில் புதுப்பிக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

இங்கேதான் எடைக் கணக்கு மாறுகிறது. ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுர மரக்கோபுரம் ஒன்று 40 டன் எடை என்று வைத்தால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் பாரம் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். 10 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் சுவரின் அடியிலோ சதுர மீட்டருக்கு 20 டன்னுக்கு மேல். ஓரளவு உறுதியான களிமண் நிரந்தரமாகத் தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 டன் அளவில்தான். அதிலும் ஆட்கள் போட்டு மிதித்த மண் இயற்கைத் தரைக்கு ஈடாகாது. சுவரின் அடியை அகலப்படுத்தலாம். ஆனால் மேட்டின் உச்சியில் அகலத்துக்கு எல்லை உண்டு. மூன்று மீட்டர் தடிமனுக்கு நெருங்கிய சுவர்களோடு நான்கு இதழ்களும் வெளியே நீட்டிக்கொண்டு, சரிவின் விளிம்புக்கு அருகில் போய் நிற்கின்றன. சமதரையில் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் மண் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும். விளிம்பில் ஒரு பக்கம் வெறுங்காற்று, அணைப்பு பாதிதான். கோபுரம் முழுவதும் ஒரே சீராக இறங்கியிருந்தால் ஆபத்து இல்லை. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்கும்போதுதான் கல்சுவர் பிளக்கிறது. கல்லும் சாந்தும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது.

மற்ற இடங்களில் கட்டியவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். கனமான கோபுரத்தை விட்டுவிட்டு, மேட்டின் உச்சியைச் சுற்றி வளையமாகக் கல்சுவர் மட்டும் எழுப்பி, கட்டடங்களை அதன் உட்புறத்தில் சாய்த்துக் கட்டினார்கள். டாட்னெஸிலும் ரெஸ்டார்மெலிலும் இப்படிப்பட்ட வளையக் கோட்டைகளை இன்றும் பார்க்கலாம். மொத்த எடை குறைவு. அந்த எடையும் ஒரே இடத்தில் குவியாது.

யார்க்கில் நீர் தன் வேலையைச் செய்தது. 1315, 1316 இரண்டும் ஐரோப்பா முழுவதும் அடைமழை பெய்து பயிரழிந்து பெரும்பஞ்சம் வந்த ஆண்டுகள். வெள்ளம் கோட்டை அகழிக்குள் ஏறி, மேட்டின் அடிமண்ணை இளக்கிவிட்டது. 1358-வாக்கில் தென்கிழக்கு இதழ் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். அரசு அதற்கு உடன்படவில்லை. சுமார் 200 பவுண்டு செலவில் ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டோடுதான் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. மண் ஓரளவு இறுகி முடிந்ததும் இறக்கம் தானாகவே மந்தப்பட்டிருக்கும். பெரிய இறக்கம் தொடக்கத்திலேயே நடந்துவிடுவதுதான் களிமண்ணின் இயல்பு.

பிந்தைய நூற்றாண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1596-இல் சிறைக்காவலர் ராபர்ட் ரெட்ஹெட் கோபுரத்துக் கற்களைப் பிடுங்கிச் சுண்ணாம்புக்காக விற்றது நகரத்தாருக்குத் தெரிந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. உள்நாட்டுப் போரில், 1644-இல், கோபுரத்தின்மேல் பீரங்கிகள் ஏறின. 1684 ஏப்ரல் 23-ஆம் தேதி இரவு உள்ளே தீப்பிடித்து வெடித்ததில் கூரையும் தளங்களும் போய் வெறும் கூடு மிஞ்சியது. அதன்பின் தோட்டத்து அலங்காரமாக இருந்தது.

மண்ணின் கதைக்கு மீண்டும் முக்கியமானது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1825-க்குப் பிறகு கோட்டை வளாகத்தில் பெரிய சிறைச்சாலை எழுந்தபோது, இடம் போதாமல் மேட்டின் அடிப்பகுதியை வெட்டித் தள்ளி, அங்கே தடுப்புச்சுவர் கட்டினார்கள். சரிவின் அடியில் இருக்கும் மண்தான் மேலே உள்ள மண் வழுக்காமல் எதிர்த்துத் தாங்கும் பாரம். மண்சரிவுகள் பல, யாரோ சரிவின் காலை வெட்டியதால் வருபவை. நூற்றாண்டின் முடிவில் கோபுரத்தின் நிலை கவலை தரும்படி ஆகியிருந்தது. 1902-03-இல் கான்கிரீட் கொண்டு அடித்தளத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள். மேலே சொன்ன எரிந்த மரங்கள் அப்போதுதான் வெளிப்பட்டன. 1935-இல் சிறைச்சாலையை இடித்த பிறகு மேட்டின் அடிக்கு மறுபடியும் மண் போட்டுப் பழைய சரிவைக் கொண்டுவந்தார்கள்.

இந்தச் சிக்கல் யார்க்குக்கு மட்டும் உரியதல்ல. விண்ட்சர் கோட்டையின் வட்டக்கோபுரமும் நார்மன் மேட்டின் மேல்தான் நிற்கிறது. 1980-களின் கடைசியில் அங்கேயும் வெடிப்புகள் தோன்றி, கோபுரத்துக்கு அடியில் புதிய தாங்குதூண்கள் இறக்க வேண்டியதாயிற்று. தொள்ளாயிரம் ஆண்டு ஆன மண்ணும் அசையத்தான் செய்கிறது. ஈரமான குளிர்காலத்தில் களிமண் உப்புகிறது, வறண்ட கோடையில் சுருங்குகிறது. ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் அசைவுகூட, ஏற்கெனவே பிளந்த சுவரில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கிளிஃபோர்ட் கோபுரத்துக்குள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய அமைப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பார்வையாளர்கள் உச்சிக்கு ஏறி நகரத்தைப் பார்க்க ஒரு கூரைத்தளம் தேவைப்பட்டது. பழைய சுவரில் பாரம் ஏற்றக்கூடாது. மேட்டுக்குள் தூண் இறக்கினால் 1190-இன் எச்சங்கள் உட்பட எல்லாம் சிதையும். ஆகவே பொறியாளர்கள் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த நான்கு பெரிய தூண்கள் சுவர்களைச் சாராமல் தனியே நின்று மரத்தளத்தைத் தாங்குகின்றன; அவற்றின் அடியில் பாரத்தைப் பரப்பிவிடும் ராஃப்ட் அடித்தளம், மண்ணைத் துளைக்காமல் மேலேயே படுத்திருக்கிறது. தூண்களிலிருந்து தொங்கும் நடைபாலங்கள் வழியாக, 1684-இல் தளங்கள் எரிந்தபின் யாரும் எட்ட முடியாமலிருந்த முதல்மாடி அறைகளுக்கு இப்போது போகலாம். மூன்றாம் ஹென்றிக்காகக் கட்டிய கழிப்பறையும் அவற்றில் ஒன்று.